மடிக்கணினிக்குள் ஆளுநருக்கு என்ன வேலை?

"செயலியின் ஆளுநரை மின்சேமிப்புக்கு மாற்றிவிட்டு மடிக்கணினியை மறுதொடக்கம் செய்க." போன வாரம் ஒரு தமிழ்க் கையேட்டில் படித்தது. இந்த ஆளுநர் என் கண்ணில் படுவது மூன்றாவது முறை. முதல் முறை சிரித்தேன், இரண்டாம் முறை பொறுத்துப் போனேன். இனியும் சும்மா இருந்தால் அடுத்த பதிப்பில் பதவிப் பிரமாணமும் செய்து வைத்துவிடுவார்கள். (மாற்றியது உடனே நடப்புக்கு வரும், மறுதொடக்கம் செய்தால்தான் பழையபடி போய்விடும். அந்தக் கூத்தைத் தனியாகப் பேசலாம்.)

சொல்லப்படும் பொருள் இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதில் சிபியூஃப்ரீக் என்றொரு பகுதி உண்டு. செயலி, அதாவது கணினியின் ப்ராசசர், இந்த நொடியில் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் நிரல்துண்டுக்கு அங்கே 'கவர்னர்' என்று பெயர். அதைத்தான் கையேடு ஆளுநர் ஆக்கிவிட்டது. வன்பொருளை அது நேரடியாகத் தொடுவதில்லை. "இவ்வளவு போதும்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது, மாற்றிக் கொடுப்பது இயக்கி என்கிற டிரைவர் நிரலின் பாடு. அதிர்வெண் குறைந்தால் மின்னழுத்தத்தையும் இறக்கலாம். மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால், பேட்டரி தாங்குமா தாங்காதா என்பதில் இந்தச் சின்னத் துண்டுக்குப் பெரிய பங்கு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் குபெர்நேத்தேஸ் என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர், நம் பழந்தமிழில் மீகாமன். அது லத்தீனில் குபெர்னாத்தோர் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலக் கவர்னர் ஆனது. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தின் வேகத்தைக் காக்கச் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். அதற்கும் அதே பெயர். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1868-இல் அத்தகைய கருவிகளைப் பற்றிக் கணக்கோடு ஒரு கட்டுரையே எழுதினார். 1948-இல் கணிதர் நார்பெர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல்தொடர்பையும் ஆராயும் தன் துறைக்கு சைபர்னெட்டிக்ஸ் என்று பெயர் வைத்ததும் அதே சுக்கான்காரரை நினைத்துத்தான்.

ஆக, மாகாணத்தை ஆண்டவரும் எந்திரத்தை அடக்கிய குண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் குடியிருக்கிறார்கள். தமிழில் அப்படி இல்லை. ஆளுநர் என்ற சொல்லை மாநிலக் கவர்னருக்கென்றே ஆக்கினோம். 'ஆள்' என்ற வேரில் குற்றமில்லை. புறநானூறு 66 கரிகாலனின் முன்னோரை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது. காற்றின் தொழிலையே ஆளலாம் என்றால் அதிர்வெண்ணை ஆளக் கூடாதா? ஆளட்டும். கோளாறு 'நர்' என்ற வாலில் இருக்கிறது. ஓட்டுநர், இயக்குநர், பயிற்றுநர் என்று அது ஆட்களுக்கு ஒட்டும் ஈறு. ஒரு நிரல்துண்டில் ஒட்டினால் வினைமுற்று உடனே தடுமாறும். நான் சொன்ன கையேட்டிலேயே ஒரு பக்கத்தில் "ஆளுநர் அதிர்வெண்ணைக் குறைக்கிறது", இரண்டு பக்கம் தள்ளி "ஆளுநர் முடிவு செய்வார்". பேச்சில் கர்னலே ராணுவ கர்னல் மாதிரி ஒலிக்கிறது. அதற்குள் ஓர் ஆளுநரும் புகுந்தால் படிக்கிறவர் மடிக்கணினிக்குள் அரசாங்கமே நடப்பதாக நினைக்க மாட்டாரா?

நர்-ஐ வெட்டிவிட்டு 'ஆளி' என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். இலங்கைப் பாடநூல்களில் ஆளி என்றால் சுவிட்ச். யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதைப் போட்டு அணைக்கப் பார்க்கும்.

'வேகக் கட்டுப்பாட்டுக் கருவி' இன்னொரு போட்டியாளர். லாரியிலும் பள்ளி வேனிலும் மாட்டுகிற ஸ்பீடு கவர்னருக்குச் செய்தித்தாள்கள் தரும் பெயர், அந்த இடத்தில் பொருத்தமும்கூட. ஆனால் லாரிக் கருவி செய்வது ஒரே வேலை, இந்த வேகத்துக்கு மேல் போகாதே என்று உச்சவரம்பு கட்டுவது. சிபியூஃப்ரீக்கில் உச்சவரம்புக்குத் தனிக் கோப்பே இருக்கிறது. அந்த வரம்புக்குள் எது என்று தேர்வதுதான் கவர்னர். 'சீராக்கி'யும் ஒத்துவராது. மின்விசிறி ரெகுலேட்டரை விட்டுவிட்டாலும், சீராக்கி என்றால் ஒரே சீராக வைப்பது. வாட்டின் குண்டுகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். நம் கவர்னரோ நொடிக்குள் பலமுறை மனம் மாற்றுகிறது.

என் கட்சி 'நிதானி'. பள்ளத்தை நிதானிக்காமல் வண்டியை விட்டான், தூரம் நிதானிக்க முடியவில்லை என்கிறோம் இல்லையா, அந்த நிதானம். வேலைச்சுமையைக் கண்ணால் மட்டுக்கட்டி, இவ்வளவு போதும் என்று சொல்வது. 2016-இல் கர்னல் 4.7-உடன் வந்த 'ஸ்கெட்யூட்டில்' என்ற கவர்னர் செய்வது அச்சு அசலாக இதுவே. வேலைகளைப் பங்கிடும் பகுதியிடமிருந்து சுமைக்கணக்கை வாங்கி, கணக்கில் வருவதைவிடக் கால் பங்கு கூட்டி அதிர்வெண்ணைக் கேட்கும். யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று உலையில் கூட ஒரு பிடி அரிசி போடுவதைப் போல.

நிதானம் வடசொல் என்று தனித்தமிழ் நண்பர்கள் கொடி பிடிப்பார்கள். வேகமும் வடசொல்தான். விரைவு மட்டறிவி என்று ஒன்றைச் செய்து தந்து, அதைச் சிரிக்காமல் நாலு பேர் முன் சொல்லிக் காட்டினால் நான் கொடியை இறக்குகிறேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சொல் மங்கலானால் சோதனையும் மங்கலாகும். ஒரு கர்னல் மாற்றம் மடிக்கணினிச் செயலியின் மின்செலவைக் கூட்டுகிறதா என்று பார்க்க, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வேலையைக் கொடுத்து, டர்போஸ்டாட் என்ற அளவீட்டு நிரல் காட்டும் வாட் கணக்கை ஒப்பிடுவோம். இரு முறையும் நிதானியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அளந்தது மாற்றத்தை அல்ல, நிதானியை. 2020-இல் இது நிஜமாகவே பலரைச் சறுக்கவைக்கக்கூடியதாக இருந்தது. அதிர்வெண்ணை வன்பொருளே தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாத பழைய இன்டெல் செயலிகளில், கர்னலின் இயல்புநிலை, 'பவர்சேவ்' என்ற கவர்னரிலிருந்து ஸ்கெட்யூட்டிலுக்கு மாறியது. புதுக் கர்னலை ஏற்றிவிட்டு வாட்டைப் பார்த்தவர், தன் திருத்தத்தைத் திட்டியிருக்கலாம், பாராட்டியிருக்கலாம். இரண்டுக்கும் அந்தத் திருத்தம் பொறுப்பில்லை.

பவர்சேவை 'மின்சேமிப்பு ஆளுநர்' என்று பெயர்த்தவர் இதையெல்லாம் பார்த்தாரா தெரியவில்லை. பொதுவான பவர்சேவ் அதிர்வெண்ணை அடிமட்டத்தில் கட்டிப்போடும். இன்டெல்லின் சொந்த இயக்கி முழுப்பொறுப்பில் இருக்கும்போது அதே பெயரில் இருப்பது சுமைக்கேற்ப ஏறி இறங்கும் வேறொரு ஆசாமி. அடிமட்டத்தில் கிடந்தால் மிச்சம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. வேலையை விரைந்து முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்கும் செயலி சில நேரம் குறைவாகக் குடிக்கும். அந்தத் தூக்கம் எவ்வளவு ஆழம் என்று தீர்மானிக்கவும் கர்னலில் தனிக் கவர்னர்கள் உண்டு, மெனு, டியோ என்று. வரப்போகும் ஓய்வு எவ்வளவு நீளம் என்று அவை ஊகிக்கின்றன. துயில் நிதானி என்றால் தானே விளங்கும். துயில் ஆளுநர் என்று எழுதிவிட்டு யார் போய் விளக்கம் சொல்வது?

நிதானியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. பெர்ஃபாமன்ஸ் என்ற கவர்னர் எதையும் நிதானிப்பதில்லை, வரம்புக்குள் உச்சத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் நிதானி என்று பெயர் வைப்பது கொஞ்சம் இடிக்கிறது. சுக்கானை ஒரே பக்கம் கட்டிவிட்டுத் தூங்குகிறவரை மீகாமன் என்று அழைப்பதில் ஆங்கிலத்துக்கு இருக்கும் அதே இடி.