கிளாக்கோமா ஆபரேஷன் செய்தும் பார்வை ஏன் தெளியவில்லை?

கிளாக்கோமா ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் கோபமாக வந்து, "முன்னைவிட மங்கலாகத் தெரிகிறதே, எதற்கு இந்த ஆபரேஷன்?" என்று கேட்பவர்கள் எனக்குப் புதிதல்ல. கோபப்படுபவர்களாவது வருகிறார்கள். ஆபரேஷன் ஃபெயில் என்று தாமே முடிவுகட்டி, வராமலே இருந்துவிடுகிறவர்களை என்ன செய்வது? அப்படிக் காணாமல் போன ஒருவர் சமீபத்தில் திரும்பி வந்தார். ஒரு கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அது ஆபரேஷன் செய்த கண் அல்ல, மற்றது. எல்லாமே வீண் என்று அந்தக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்தையும் நிறுத்திவிட்டிருக்கிறார். ஆபரேஷன் செய்த கண்ணில் அன்றிருந்த பார்வை அப்படியே இருக்கிறது.

எத்தனை தடவை சொன்னாலும் புரை ஆபரேஷனோடு இதைச் சேர்த்தே பார்க்கிறார்கள். புரையில் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கிறோம், பார்வை பளிச்சென்று ஆகிறது. கிளாக்கோமாவில் கெடுவது பார்வை நரம்பு. செத்த நரம்பிழைகளுக்கு எந்த ஆபரேஷனும், எந்தச் சொட்டும், எந்தச் சத்து மாத்திரையும் உயிர் கொடுக்காது. கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் இழைகளைக் காப்பாற்றப் பார்க்கிறோம், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்தும் இன்றைய பார்வையே இருந்தால் எங்கள் கணக்கில் அது வெற்றி. முதல் சில வாரங்கள் மங்கலாக இருப்பது பெரும்பாலும் இயல்புதான். தையல் இருக்கிறது, உள்ளே கொஞ்சம் அழற்சி இருக்கிறது, அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கிறது. கண்ணாடி பவரும் மாறலாம்.

அழுத்தம் என்றதும் "பி.பி. நார்மல்தான் டாக்டர்" என்பார்கள். அது வேறு, இது வேறு. கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும். ஆனால் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு, அதைத் தாண்டியும் கெடாதவர்கள் உண்டு. அதனால்தான் நரம்பையும் பக்கப் பார்வையையும் சேர்த்துச் சோதிக்கிறோம். புள்ளி வெளிச்சத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தும் அந்தச் சோதனை அலுப்பானது என்று தெரியும். நான் உட்கார்ந்தாலும் தூக்கம்தான் வரும். ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது பெரும்பாலும் செய்வது டிராபெகுலெக்டமி. மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில், கண்ணுக்குள் இருக்கும் நீர் கசிந்து அழுத்தம் குறைய ஒரு சிறு வழி விடுகிறோம். மற்ற ஆபரேஷன்களில் புண் சீக்கிரம் ஆறினால் சந்தோஷம். இதில் முழுசாக ஆறிவிட்டால் வழி அடைபட்டு அழுத்தம் மறுபடி ஏறிவிடும். தழும்பு கட்டாமலிருக்க ஆபரேஷனிலேயே மைட்டோமைசின் என்ற மருந்தை வைக்கிறோம். பிறகு தேவைப்பட்டால் லேசரால் தையலைத் தளர்த்துகிறோம், ஊசியால் வழியைச் சரிசெய்கிறோம். எல்லாமே நேரத்தோடு செய்தால்தான் பலன். முதல் வாரங்களில் அடிக்கடி வரச்சொல்வது இதற்குத்தான். வழி அடைபட்டவர்களுக்கும், இது ஒத்துவராத கண்களுக்கும் சிறு குழாய் வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியவை. ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய சொட்டுகளை நிறுத்தச் சொன்னால் அந்தக் கண்ணுக்கு மட்டும் நிறுத்துங்கள். மறு கண்ணுக்கு நிறுத்த யார் சொன்னது? கண்ணைத் தேய்க்காதீர்கள். வருடங்கள் கழித்தாலும் ஆபரேஷன் செய்த கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே வந்துவிடுங்கள், கிருமி உள்ளே போயிருக்கலாம். இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டிமோலால் என்ற கிளாக்கோமா சொட்டு மருந்து உங்களுக்கு ஆகாது. கண் அரிப்புக்கு என்று யாரோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் போடாதீர்கள், அதுவே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். வாந்தியோடு கண் வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், உடன்பிறந்தவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் தயவுசெய்து சொல்லுங்கள். உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. கண் நன்றாகத்தான் தெரிகிறது என்பார்கள். பரவாயில்லை, அடுத்த முறை வரும்போது கூடவே கூட்டி வாருங்கள்.