வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவிகள்: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

பந்தலூர் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு உதகைக்கு ஒருமுறை போய் வந்தால் அன்றைய கூலி போய்விடும். காலையில் இருட்டோடு கிளம்பினால் வீடு திரும்பும்போதும் இருட்டிவிடும். அரசு வழங்கும் உதவிகளைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இந்தத் தொலைவைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே எந்தத் தாளை முதலில் வாங்க வேண்டும், எதை எந்த வயதில் வாங்க வேண்டும் என்ற வரிசையிலேயே இங்கே விளக்கப்படுகிறது. வரிசை தவறினால் ஒரே வேலைக்கு மூன்று முறை மலை ஏறி இறங்க நேரிடும்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய படிவங்களில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்று இருப்பதே இப்போது ‘அறிவுசார் குறைபாடுடையோர்’ என்று வழங்கப்படுகிறது. ஆட்டிசத்தை அரசு ஆவணங்கள் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று குறிப்பிடுகின்றன. பொருத்தமான பெயர் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் படிவத்தில் அந்தப் பெயரைக் கண்டால் திகைக்க வேண்டியதில்லை. மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்த பல்வகைக் குறைபாடு ஆகியவையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுக்குள் வருகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் வழக்கமாக அறிவுசார் குறைபாட்டின் கீழ்ச் சான்று பெறுகின்றனர்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மருத்துவச் சான்றும், அதையொட்டி வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டையும்தான். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கே பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். அறிவுசார் குறைபாட்டை அளவிடும்போது, பிள்ளை தானாக உண்கிறதா, உடுத்துகிறதா, கழிப்பறைக்குச் செல்கிறதா, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருகிறதா என்பது போன்ற கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்டு, சமூக முதிர்ச்சி மதிப்பெண் ஒன்றைக் கணிக்கிறார்கள். மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அந்த மதிப்பெண் 55 முதல் 69 வரை இருந்தால் 50 விழுக்காடு, 36 முதல் 54 வரை இருந்தால் 75 விழுக்காடு, 21 முதல் 35 வரை இருந்தால் 90 விழுக்காடு, 20-க்குள் இருந்தால் 100 விழுக்காடு என்று குறைபாடு பதிவாகும். மதிப்பெண் 70 முதல் 84 வரை உள்ள எல்லைநிலைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 25 விழுக்காடுதான் என்பதால், 40 விழுக்காட்டை நிபந்தனையாக வைக்கும் உதவிகள் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தங்களை அறியாமலே தவறு செய்கின்றன. அந்நியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது, பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமின்றி, “எல்லாம் அவனே செய்துகொள்வான்” என்று தாய் சொல்லிவிடுகிறார். சட்டையை இவர் எடுத்துக் கொடுத்து, பொத்தானையும் இவரே போட்டுவிடுவது அந்தப் பதிலில் வராமல் போகிறது. கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். ஒரு நாள் காலை முதல் இரவு வரை பிள்ளைக்கு எந்தெந்த வேலையில் யார் கை கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. வீட்டில் படுகு, பணியர் மொழி, மலையாளம் என்று வேறு மொழி பேசுபவர்கள், தமிழில் கேட்கப்படும் கேள்வியை நன்கு விளங்கிக்கொள்ளும் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

அதே வழிகாட்டுதலின்படி, ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கே சான்று கிடைக்கும். ஐந்து வயது வரை அது ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்ற தற்காலிகச் சான்றாகவே இருக்கும். அதன்பின் 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். பதினெட்டில் பெறும் சான்று வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம், முந்தைய மருத்துவத் தாள்கள் ஆகியவற்றோடு இணையவழியில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு மருத்துவக் குழுவின் முன் செல்லலாம். வட்ட அளவில் முகாம் நடக்கும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டறிந்தால், கூடலூர், பந்தலூர், குந்தா பகுதியினருக்கு ஒரு பயணமாவது மிச்சமாகும்.

சான்று கிடைத்ததும் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு. 2023 சனவரி முதல் இது மாதம் 2,000 ரூபாயாக உள்ளது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 விழுக்காடே போதும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் கேட்பவர்களுக்கு 75 விழுக்காடு வேண்டும். மூளை முடக்குவாதத்தோடு அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளைக்குச் சான்றில் கை, கால் பாதிப்பு மட்டும் பதிவாகியிருந்தால், முதல் பிரிவில் எளிதாகக் கிடைக்க வேண்டியது கைநழுவிப்போகும். ஆகவே இரண்டும் பதிவாகியுள்ளனவா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை ஏற்கெனவே பெறுபவர், அதோடு சேர்த்து இதையும் பெற முடியாது. விண்ணப்பம் உதகையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வழங்கும் திட்டமும் இதே துறையினுடையது. தையல் தெரிந்தவர்கள் அதே நாளில் அதையும் கேட்டுவிடலாம்.

பணத்தைவிடப் பயிற்சியே முக்கியம் என்பது இதை எழுதுபவரின் எண்ணம். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறையும் நடக்கும் தேசிய சிறார் நலப் பரிசோதனையில் வளர்ச்சித் தாமதம் கண்டறியப்பட்டால், மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். அப்படி அனுப்பும் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “பேச்சு தாமதமாக வரும், குடும்ப வழி அப்படித்தான்” என்று மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடுவது இழப்பு. நடை, பேச்சு, கவனம் ஆகியவற்றுக்கான பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன் உண்டு.

ஆறு முதல் பதினெட்டு வயது வரை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தருகிறது. “எங்களிடம் வசதியில்லை” என்று சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க இயலாது. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ்ச் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீட்டுக்கே வந்து பயிற்சி தர வேண்டும். இதற்கான பெயர்ப் பட்டியல் வட்டார வள மையத்தில் இருக்கிறது. நீலகிரியில் வட்டங்கள் ஆறு என்றாலும் ஊராட்சி ஒன்றியங்கள் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்குதான். ஆகையால் பந்தலூர் வட்டத்தினர் கூடலூர் வட்டார வள மையத்தைத்தான் அணுக வேண்டும்.

சிறப்பாசிரியர் வீட்டுக்கு வரும் நாள்களில் தாய் வேலைக்குப் போய்விட்டு, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வது தோட்டக் குடியிருப்புகளில் வழக்கமாக இருக்கிறது. அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அந்தப் பயிற்சியில் பாதி பிள்ளைக்கு என்றால் மறுபாதி வீட்டாருக்கு. ஆகவே பாட்டியாவது உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பல் துலக்குவது என்ற ஒரே வேலையை, தூரிகையை எடுப்பது, பற்பசையைப் பிதுக்குவது, மேல் வரிசை, கீழ் வரிசை, வாய் கொப்பளிப்பது என்று சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் பிள்ளை தானாகச் செய்யும் வரை ஒரே வரிசையில் பழக்குவதுதான் அதன் முறை. வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தந்த வீட்டுத் தொழிலை ஒட்டியே கேரட்டைக் கழுவித் தரம் பிரிப்பது, நாற்றுப் பைகளில் மண் நிரப்புவது என்று பழக்குவது, எங்கும் காணாத ஒரு வேலையைக் கற்றுத்தருவதைவிடப் பயன்படும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களையும் மாநில அரசு நிதியுதவி தந்து நடத்தச் செய்கிறது.

பெற்றோருக்கான ஆழமான பயிற்சிக்கும் முழுமையான மதிப்பீட்டுக்கும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. கூடலூர், பந்தலூர் மக்களுக்கு, வயநாடு வழியாகச் செல்லக்கூடிய கோழிக்கோட்டில் மத்திய அரசின் கூட்டு மண்டல மையமும் இருக்கிறது. சென்னைக்குப் போவதை எண்ணித் தயங்குபவர்கள் அங்கே செல்லலாம்.

பயணச் செலவைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து சிறப்புப் பள்ளி, பயிற்சி மையம், மருத்துவமனை ஆகியவற்றுக்குச் சென்று வர அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை பெறலாம்; அறிவுசார் குறைபாடுள்ளவருக்குத் துணையாகச் செல்பவருக்கும் அது பொருந்தும். சமவெளியில் 2021 முதல் நடைமுறையில் இருந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம், 2024 பிப்ரவரியில்தான் நீலகிரிக்கு ஏறி வந்தது. இரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடுடையவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு ஆகியவற்றில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு.

மருத்துவச் செலவுக்கு ‘நிராமயா’ என்ற காப்பீடு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. கற்றல் குறைபாடு இதில் அடங்காது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவைத் திரும்பப் பெறலாம். வயது வரம்போ முன்மருத்துவப் பரிசோதனையோ இல்லை. சேர்வதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் 250 ரூபாயும் மற்றவர்கள் 500 ரூபாயும் கட்ட வேண்டும்; ஆண்டுதோறும் புதுப்பிக்க முறையே 50, 250 ரூபாய். மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சை, மருந்து, தொடர் பயிற்சி, போக்குவரத்து ஆகியவற்றுக்கும் தனித்தனி உச்சவரம்புக்குள் பணம் கிடைப்பதால், பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் சென்று வரும் குடும்பங்களுக்கு இது மிகவும் உதவும். ரசீதுகளின் அசலைத் தொலைத்துவிடக் கூடாது. காப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், புதுப்பிக்கும் வேலையை மார்ச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காமல் விடும் ஒன்று நேர்கிறது: பெற்றோர் சட்டப்படி அவருக்கு இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை அத்துடன் முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் என்று எங்கு கையொப்பம் தேவைப்பட்டாலும், “நீங்கள் யார்?” என்ற கேள்வி வரும். இதற்காகத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்ட ஆட்சியரையும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரையும், மாற்றுத்திறனாளி ஒருவரையும் கொண்ட உள்ளூர் அளவிலான குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாமலே, இந்தக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலர் ஆணையைப் பெறலாம். மேலே சொன்ன நான்கு குறைபாடுகள் உள்ளவர்களுக்கே இதுவும் பொருந்தும்.

பெற்றோர் தங்களையே பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாம். உடன்பிறந்தவரையோ உறவினரையோ, அவர்களின் சம்மதத்தோடு முன்மொழியவும் செய்யலாம். பெண்ணுக்கு ஆண் ஒருவர் தனியாகப் பாதுகாவலராக இருக்க விதிகள் இடம் தரவில்லை; அவருடைய மனைவியும் சேர்ந்தே நியமிக்கப்பட வேண்டும். அண்ணனின் பெயரை மட்டும் எழுதித் தந்து, விண்ணப்பம் திரும்பி வந்தபின் அண்ணியின் கையொப்பத்துக்கு அலைவதைவிட, தொடக்கத்திலேயே இருவர் பெயரையும் எழுதுவது நல்லது. பாதுகாவலர், நியமிக்கப்பட்ட ஆறு மாதங்களுக்குள் அசையாச் சொத்துகளின் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் தர வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கக் கோரலாம். கூட்டுப் பட்டாவில் தேயிலை நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயக் குடும்பங்களில், பங்கு பிரிக்கும் நேரத்தில் இந்தப் பிள்ளையின் பங்கை மற்றவர்கள் “நாங்கள்தானே பார்க்கப்போகிறோம்” என்று சேர்த்துக்கொள்வதைத் தடுக்க இந்த ஆணை ஒரு வலுவான பிடிமானம்.

எந்த விண்ணப்பமும் காரணம் சொல்லாமல் நிலுவையில் கிடந்தால், உதகை பிங்கர்போஸ்ட்டில் உள்ள ஆட்சியர் கூடுதல் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் எழுத்துவழி மனு கொடுத்து, பதிவெண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வர இயலாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதியலாம். உரிமையே மறுக்கப்பட்டதாகக் கருதினால், சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் இன்னொன்று. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் 25 வயதோடு நின்றுவிடும். நிரந்தரமாக, முழுமையாகச் செயல்திறன் இழந்த பிள்ளைக்கு மட்டும் அந்த வயது வரம்பு கிடையாது. வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். துணைவர் உயிரோடிருந்தால் பிள்ளைக்குக் குறைந்தது மாதம் 250 ரூபாய், இருவரும் இல்லையென்றால் குறைந்தது 750 ரூபாய். தொகை சிறிதுதான், ஆனால் நிற்காமல் வருவது. இதைப் பெற, பணியில் இருக்கும்போதே வைப்பு நிதிக் கணக்கின் குடும்ப விவரத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து, குறைபாடு உள்ளவர் என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். பின்னர் ஓய்வூதியம் கோரும் 10-டி படிவத்தோடு மருத்துவச் சான்றின் நகலையும் பாதுகாவலர் ஆணையின் நகலையும் இணைக்க வேண்டும்.