மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

ஒன்றரை வயதுப் பையன். பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அவர்கள் அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே மண்ணெண்ணெய் வாடையும் வந்துவிட்டது. வீட்டில் பெயின்ட் வேலை. பிரஷ் கழுவ டம்ளரில் ஊற்றி வைத்திருந்ததைத் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டான்.

"ஒரு வாய்தான் டாக்டர். உடனே உப்புத் தண்ணி கொடுத்து, விரல விட்டு வாந்தி எடுக்க வச்சுட்டோம். எல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றார் பாட்டி. அவருக்கு அதில் கொஞ்சம் நிம்மதி. எனக்கோ அதைக் கேட்டபிறகுதான் கவலை அதிகமானது.

காரணம், மண்ணெண்ணெய் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. பிளஸ் ஒன் வேதியியலில் ஆல்கேன்கள் படித்திருப்பீர்கள். கார்பன் அணுக்களை ஒற்றைப் பிணைப்பில் கோத்த சங்கிலி. கார்பனின் மிச்சக் கைகளிலெல்லாம் ஹைட்ரஜன். நான்கு கார்பன் வரை வாயு. சமையல் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் அந்த வகை. ஐந்திலிருந்து திரவம், இருபதைத் தாண்டினால் மெழுகு. மண்ணெண்ணெயில் பெரும்பாலும் 10 முதல் 16 கார்பன் வரையுள்ள ஹைட்ரோகார்பன்கள். அவற்றில் ஆல்கேன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த மூலக்கூறுகள் எதனோடும் லேசில் வினைபுரியாது. பாரஃபின் என்ற பழைய பெயருக்கே 'நாட்டம் குறைந்தது' என்றுதான் பொருள். அதனால் வயிற்றுக்குள் போன ஒரு வாய் மண்ணெண்ணெய் பெரிதாக எதையும் செய்துவிடாது. குடலும் அதைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். ஆசிட் குடித்தால் வெந்துபோவதுபோல இதில் வயிறு வேகாது.

ஆபத்து நுரையீரலில். தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆல்கேன் மூலக்கூறுகளுக்கு இடையில் இருப்பது பலவீனமான வாண்டர்வால்ஸ் விசை மட்டும்தான். திரவத்தைப் படரவிடாமல் மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை, தண்ணீருக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மண்ணெண்ணெய்க்கு. சமையல் எண்ணெய் போலப் பிசுபிசுப்பும் கிடையாது. அடுப்படியில் சிந்தினால் எவ்வளவு தூரம் படர்கிறது, விளக்குத் திரியில் எப்படிக் கிடுகிடுவென ஏறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். தொண்டையிலும் அப்படித்தான். புரையேறி மூச்சுக்குழாயில் ஒரு மில்லி போனாலே போதும், சிறு கிளைகள் வரை படர்ந்துவிடும்.

நுரையீரலின் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. கொழுப்பும் ஆல்கேனும் ஒன்றோடொன்று கரையக்கூடியவை. அந்தப் படலம் குலைந்தால் பைகள் சுருங்கும், சுற்றியுள்ள திசு வீங்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். விழுங்கும்போது ஒருமுறை புரையேறியிருக்கலாம். வாந்தி எடுக்க வைத்தால் அதே திரவம் தொண்டை வழியாக இன்னொரு முறை வருகிறது, நுரையீரலுக்குள் போக இன்னொரு வாய்ப்பு. இதனால்தான் மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு நாங்களும் வழக்கமாக வயிற்றைக் கழுவுவதில்லை.

மலச்சிக்கலுக்குத் தரும் லிக்விட் பாரஃபினும் இதே குடும்பம்தான். சங்கிலி நீளம், பிசுபிசுப்பு அதிகம் என்பதால் அவ்வளவு சுலபமாக வழுக்கி மூச்சுக்குழாய்க்குள் ஓடாது. ஆனால் அழுகிற குழந்தையைப் படுக்கவைத்து வாயில் ஊற்றினால் அதுவும் நுரையீரலுக்குத்தான் போகும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மண்ணெண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு, தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால், எண்ணெய், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். குழந்தையை உட்கார்ந்தவாக்கில் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மூச்சு வாங்குவதும் காய்ச்சலும் சில மணி நேரம் கழித்தும் வரும். அறிகுறியே இல்லாத குழந்தையைக்கூட ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம்.

பாட்டியுடன் வந்த பையனுக்கு அன்று இரவே காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மூன்று நாள் ஆக்சிஜன். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, மண்ணெண்ணெய் அடுப்பே இல்லாத வீடு, பெயின்ட் வேலையும் முடிந்துவிட்டது, இனி பயமில்லைதானே என்று அம்மா கேட்டார். கொசு மெஷினில் மாட்டும் ரீஃபில் பாட்டில் வீட்டில் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதில் பூச்சிமருந்து கொஞ்சம்தான்; மீதி பெரும்பாலும் வாடை நீக்கிய மண்ணெண்ணெய் போன்ற திரவம். அதைக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பிளக்கில்தான் மாட்டியிருந்தார்களாம்.