எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியாத பாட்டு

'லூயி லூயி' என்ற பாட்டை அமெரிக்கப் பாடகர் ரிச்சர்ட் பெரி 1957-இல் வெளியிட்டார். கறுப்பின அமெரிக்கர்களின் அசல் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசை. ஜமைக்காவிலிருக்கும் காதலியைப் பார்க்கக் கப்பலேறத் துடிக்கும் ஒருவன், லூயியிடம் புலம்புகிறான், அவ்வளவுதான் சங்கதி. பெரி பாடியதில் வரிகள் தெளிவாகவே கேட்கும். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 'கிங்ஸ்மென்' குழு அதை மறுபடி பதிவு செய்தபோதுதான் வினை வந்தது.

பாடகர் ஜாக் ஈலியின் தலைக்கு மேலே மைக் தொங்கியது. அவர் அண்ணாந்து கத்தினார். பல்லில் கம்பி வேறு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். சுவரில் மோதித் திரும்பும் டிரம் சத்தமோ பெரிதாகக் குறையாது.

இதில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்துதான். உயிரெழுத்துகளின் வலு பெரும்பாலும் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை; நீளமாகவும் ஒலிக்கும். 'ஸ்', 'ஃப்' போன்றவை அதற்கு மேலே, மெலிசாக இருப்பவை. 'ட்', 'ப்' வெடிப்போ சில மில்லி நொடிதான். டிரம்மோடு சேர்ந்த சிம்பல் என்ற உலோகத் தட்டும் அதே மேல் அதிர்வெண்களில்தான் இரைகிறது. மிஞ்சுவது உயிரும் தாளமும் மட்டுமே.

ஓட்டையை மூளை அடைத்துவிடுகிறது. உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாக்கியத்தில் 's' ஒலியை வெட்டிவிட்டு அங்கே இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு எழுத்து விடுபட்டதே தெரியவில்லை. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எதைக் கொண்டு அடைப்பது? எதிர்பார்ப்பைக் கொண்டுதான். 'லூயி லூயி'யில் ஆபாசம் இருக்கிறது என்று வதந்தி பரவியதும், கையில் 'உண்மை வரிகள்' எழுதிய சீட்டோடு கேட்டவர்களுக்கு ஆபாசமே கேட்டது. புகார்கள் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வரை போயின. ஆய்வகம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இசைத்தட்டை ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று கைவிரித்தது. பின்னே? வேகத்தைக் குறைத்தால் இருக்கும் ஒலி தாழ்ந்து நீளுமே தவிர, பதிவாகாத மெய் எங்கிருந்து வரும்? கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் ஈலி அவசரப்பட்டு முன்னதாகவே தொடங்கிச் சட்டென்று நிறுத்துவதும் அதில் அப்படியே இருக்கிறது. அந்தத் தவறு மட்டும் எல்லாக் காதுக்கும் தெளிவு!

கேலிப் பாட்டு கட்டுபவர்கள் இதே ஓட்டையில்தான் புகுகிறார்கள். அசை எண்ணிக்கையும் அழுத்தம் விழும் அசையின் உயிரும் மாறக்கூடாது. மெய்யை மட்டும் அதன் இனத்துக்குள் மாற்றலாம், 'ப'வுக்கு 'ம', 'த'வுக்கு 'ந' என்று. அழுத்தமான உயிரை மாற்றினால் காது ஏமாறாது.

நமக்குத் தெரிந்த உதாரணம் 2007-இல் யூடியூபில் வீடியோவாக வந்தது. 'கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ' என்ற வரி ஆங்கிலக் காதுக்கு 'மை லூனி பன் இஸ் ஃபைன், பென்னி லாவா' ஆனது. 'லூரி', 'லூனி'யாகிறது: நுனிநாக்கு ஏறக்குறைய அதே இடத்தைத் தொடுகிறது, 'ஊ'வும் 'இ'யும் அசையவில்லை. 'காய்ந்' என்பது 'ஃபைன்'. 'நிலாவோ'வின் 'லா' அப்படியே 'லாவா'வில். அதைச் செய்தவர் வரிகளைத் திரையின் அடியில் ஓட விட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், பென்னி வரமாட்டார்.