லோட் 14, புரொசெசரோ சும்மா நிற்கிறது

கல்முனையில் ஒரு மொத்தக் கடை. காலை 7.30க்கு பில் போடும் கணினிகள் எல்லாம் ஒன்றாக இறுகிப்போய் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பின்னறையில் இருப்பது 4 கோர் லினக்ஸ் சேர்வர். சேர்வரில் என்ன நடக்கிறது என்று காட்டும் ‘டொப்’ கட்டளையை ஓட்டினால், லோட் எவரேஜ் (சராசரி வேலைச் சுமை) 14 என்கிறது. “புரொசெசர் காணாது, புதுசா ஒண்டு வாங்குவம்” என்று யாராவது உடனே சொல்வார்கள். காசு கரியாவது இந்த இடத்தில்தான்.

புரொசெசரில் ஓடும் வேலைகளும் அதற்காக வரிசையில் நிற்கும் வேலைகளும் மட்டும் லினக்ஸின் லோட் கணக்கில் வருவதில்லை. டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்து, ‘டி’ நிலையில் தூங்கும் வேலைகளும் அதில் சேரும். 1993இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் வந்த மாற்றம் இது. ஆகவே 14 என்ற எண்ணை மட்டும் வைத்து நெரிசல் எங்கே என்று சொல்ல முடியாது. அதே திரையில் சற்றுக் கீழே, புரொசெசர் நேரம் எப்படிச் செலவாகிறது என்று காட்டும் வரியைப் பாருங்கள். ‘யூஎஸ்’ (புரோகிராம்களுக்குச் செலவான சதவீதம்) 5, ‘டபிள்யூஏ’ (டிஸ்க்குக்குக் காத்துச் சும்மா நின்ற சதவீதம்) 70 என்று இருந்தால் புரொசெசருக்கு வேலையே இல்லை. டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிறது.

ஆனால் ‘டபிள்யூஏ’ குறைவாக இருப்பதால் டிஸ்க் நலம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. லொறி வராமல் கைகட்டி நிற்கும், மூட்டை தூக்கும் நாட்டாமையிடம் கடை கூட்டும் வேலையைக் கொடுத்தால் அவர் சும்மா நிற்பதாகத் தெரியாது. லொறி மட்டும் இன்னும் வந்திருக்காது. புரொசெசரைத் தின்னும் வேறொரு புரோகிராம் ஓடினால் ‘டபிள்யூஏ’ விழுவதும் அப்படித்தான்.

அதனால் அடுத்து, செக்கனுக்கு ஒரு வரி காட்டும் ‘விஎம்ஸ்டாட் 1’ கட்டளை. முதல் வரி சேர்வர் எழும்பிய நேரத்திலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். ஓடும், ஓடக் காத்திருக்கும் வேலைகளை எண்ணும் ‘ஆர்’ நிரல் கோர் எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டினால் புரொசெசர் நெரிசல். ‘டி’ நிலையில் தூங்கும் வேலைகளை எண்ணும் ‘பி’ நிரல் பூச்சியத்துக்கு வராமல் நின்றால் டிஸ்க். ராமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குப் போய்வரும் தரவைக் காட்டும் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தால் உண்மையில் குறைவது ராம். டிஸ்க் வீணாகப் பழி சுமக்கிறது. வாடகை வேர்ச்சுவல் சேர்வர் என்றால் ‘எஸ்டி’யையும் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் உங்கள் நேரத்தை அதே இயந்திரத்தில் உள்ள மற்றவர்கள் எடுக்கிறார்கள்.

டிஸ்க்தான் என்று ஆனபின், டிஸ்க்கின் வேகத்தை அளக்கும், சிஸ்ஸ்டாட் பொதியில் உள்ள ‘ஐஓஸ்டாட்’டை ‘எக்ஸ்’ தெரிவோடு ஓட்ட வேண்டும். எண்களை எடைபோட்டுப் பார்க்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். தேடிய இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வர, சராசரியாக அதில் பாதி, 4.2. தலை நகர்வதற்கு ஏறக்குறைய 8. ஆக, சிதறிய கோரிக்கை ஒன்றுக்கு 12 சொச்சம். செக்கனுக்கு 80 அளவில்தான் முடிக்கும். வரிசையில் 40 கோரிக்கைகள் நின்றால், கடைசியில் வருவதற்கு அரைச் செக்கன் காத்திருப்பு. ஒரு கோரிக்கை சராசரியாக எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று சொல்லும் ‘அவெயிட்’ நிரல் (புதிய பதிப்புகளில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனி) 500 காட்டுவது இப்படித்தான்.

செக்கனுக்குப் பத்துக் கோரிக்கைகள்கூட இல்லாமலே ‘அவெயிட்’ 500 என்றால் விஷயம் வேறு, டிஸ்க்கே நோயாளி. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்கொன்ட்ரோல்’ அறிக்கையில், பழுதான இடங்களை எண்ணும் 5ஆம், 197ஆம் இலக்கப் பண்புகளின் மூல எண் ஏறிக்கொண்டிருந்தால், முதலில் பக்கப் எடுங்கள். டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தைச் சதவீதத்தில் சொல்லும் ‘யூட்டில்’ 100 என்பதைக் கண்டு பதற வேண்டாம். பல கோரிக்கைகளை ஒரேநேரத்தில் கையாளும் எஸ்எஸ்டியில் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. எஸ்எஸ்டிக்கும் ‘அவெயிட்’தான் அளவுகோல், பெரும்பாலும் 1 மில்லிசெக்கனுக்குள்.

டிஸ்க்கில் எந்தப் புரோகிராம் எழுதுகிறது என்பதை ‘பிட்ஸ்டாட்’ கட்டளையின் ‘டி’ தெரிவு சொல்லும். காலை 7.30 என்றாலே பக்கப் மீது ஒரு கண் வைக்கலாம். சேர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால், “இரவு 2 மணி” என்று குறோனில் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடக்கும் சேவை) போட்ட வேலை இலங்கை நேரம் காலை 7.30க்குத்தான் கிளம்பும். நேர வலயத்தை ஆசியா-கொழும்பு ஆக்கி, குறோனை மறுபடி தொடக்கினால் சரி. பக்கப் எடுப்பது ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் புரோகிராம் என்றால் அதன் ‘பிடபிள்யூலிமிட்’ தெரிவால் வேகத்தையும் கட்டலாம்.

இரவில் நடந்ததைக் காலையில் பார்க்க, இந்த எண்களைப் பதிந்து வைக்கும் ‘சார்’ இருக்கிறது. உபுண்டுவில் அதை நாமே இயக்கி விட வேண்டியிருக்கும். வழமையாகப் பதிவு 10 நிமிடச் சராசரி. 40 செக்கன் அடைப்பு அதில் கரைந்து காணாமல் போகும்.

‘யூஎஸ்’ உண்மையிலேயே 95ஐத் தொட்டும் வேலை நகரவில்லையா? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கரண்ட் போய் ஏசி நின்ற அறையில், சூடு தாங்காத புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மெகாஹேர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள், விசிறியில் தூசும் உப்பும் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரண்ட் திடீரென்று போய் வந்தபின் டிஸ்க் மட்டும் மணிக்கணக்காக ஓடினால், அது மென்பொருள் ரெயிட் (ஒரே தரவை இரு டிஸ்க்கில் வைக்கும் ஏற்பாடு) தன் இரு பிரதிகளையும் மறுபடி ஒப்பிடுவதாக இருக்கலாம். ‘புரொக்’ அடைவில் உள்ள ‘எம்டிஸ்டாட்’ கோப்பு அதைச் சதவீதத்தில் காட்டும். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்து வைக்கும் பிட்மெப் சேர்த்த ரெயிட்டில் அந்த வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.