மனத்தாழ்மைக்கு ‘எளிமை’ ஈடாகுமா?

தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது கோயிலை அர்ப்பணித்த நாளின் கொண்டாட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் இங்கிலீஷில் ‘ஹியுமிலிட்டி’ என்று சொன்னபோதெல்லாம், பக்கத்தில் நின்று தமிழாக்கியவர் ‘எளிமை, எளிமை’ என்றே தள்ளிக்கொண்டு போனார். கடைசியில் “எளிமையை அணிந்துகொள்ளுங்கள்” என்று பேதுருவின் வாயிலும் அதைத் திணித்தார். அதோடு என் பொறுமை போயிற்று. என் மடியில் கிடந்த வேதாகமத்தில் (1 பேதுரு 5:5) ‘மனத்தாழ்மை’ என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து வாசித்திருந்தாலே போதும்.

கிரேக்கச் சொல் ‘தபெய்னோஃப்ரொசுனே’. முன்பாதி தாழ்ந்தது, பின்பாதி மனம். மனத்தாழ்மை சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ‘தாழ்’ நம் சொந்த வேர். தாழ்வாரத்தில் இருப்பதும் அதுதான். பேதுரு ‘அணிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும் வினை, வேலையாட்கள் முடிச்சுப் போட்டுக் கட்டும் மேல்துணியின் பெயரோடு உறவுள்ளது. யோவான் 13இல் இயேசு அரையில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுவது உடனே நினைவுக்கு வரும்.

இப்போது எளிமைக்கு வருவோம். ‘ஏழை எளியவர்’ என்றால் அது வறுமை. ‘எளிய கணக்கு’ என்றால் சுலபம். குறளில் அரசன் ‘காட்சிக்கு எளியன்’ என்றால், போய்ப் பார்ப்பதற்குச் சிரமமில்லாதவன். இன்றைய வழக்கில் கதர்ச் சட்டை, ரப்பர் செருப்பு, டவுன் பஸ். எல்லாம் நல்லதுதான், ஆனால் எல்லாம் வெளியே தெரிகிற சங்கதி. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே அடுத்தவனைப் புழுவாய்ப் பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன். எளிமைக்குத் தனி ஆளே போதும். மனத்தாழ்மைக்கு எதிரே இன்னொருவர் வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் நண்பர் ஒருவர் மறுப்பார்: “தாழ்மைன்னா சாதி வாடை அடிக்கு. கேட்கிறவனுக்கு வலிக்கும்லா?” நம் சீமையில் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. வலி பிறவினையில் இருக்கிறது: ஒருவன் இன்னொருவனைத் தாழ்த்துவதில். வேதத்தில் ‘தாழ்த்துகிறவன்’ வரும் இடத்தில்கூட முன்னால் ‘தன்னை’ நிற்கிறது.

பணிவு? “பணியுமாம் என்றும் பெருமை” என்ற குறள் இருக்கும்போது குறை சொல்ல முடியாது. பணி, பணிவிடை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆனால் இன்றைக்குப் பணிவு என்றால் தாலுகா ஆபீஸில் கை கட்டி நிற்பது, மேலே பார்த்துச் செய்வது. கால் கழுவியவர் கீழே குனிந்தார். (‘தாழ்மையான கருத்து’ என்று தொடங்கி மேசையைத் தட்டுகிறவர்கள் கதை தனி.)

‘ஊழியம்’ பட்ட பாடும் இதுதான். அந்தக் காலத் தென் திருவிதாங்கூரில் அது கூலியில்லாத கட்டாய வேலை. இன்று பிரசங்கியார் படத்தோடு போஸ்டரில் வருகிறது. வேதாகமத்தில் ஊழியம் என்று தமிழாகும் கிரேக்கச் சொல்லான ‘தியாகொனியா’ பந்தியில் பரிமாறுவதையும் குறிக்கும். அப்போஸ்தலர் 6இல் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பந்திவிசாரணை’ என்கிறது. என்ன அருமையான சொல்! புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய மிஷனரி, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், ஜெர்மன்காரர், கவிராயர் ஒருவரிடம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் தமிழ் படித்தார். நம் மேடை மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டக்கூட நேரமில்லாதவர்கள்.

ஆராதனை முடிந்து அசனம், சபையார் எல்லாருக்குமான விருந்து. பிரசங்கியாருக்குத் தனி அறையில் மேசை போட்டிருந்தார்கள். பந்தலில் மூன்றாம் பந்தி எழுந்தபோது, ஊரில் வயதில் மூத்த அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் இலைகளைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க எதுக்கு எடுக்கிய? பயலுவ இருக்கானுவல்லா?”

“வழிய விடுடே, அடுத்த பந்தி வெயில்ல நிக்கி.”