ரெகுலேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

என்னிடம் ஒரு எச்.எம்.டி ஜனதா கைக்கடிகாரம் இருக்கிறது. 17 கல், காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் வரை ஓடும். போன வருஷம் திடீரென்று நாளுக்கு நாலு நிமிஷம் முந்தி ஓட ஆரம்பித்தது. பின்மூடியைத் திறந்தேன். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே, கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் நடுவே ஒரு குட்டி நெம்பு தெரிந்தது. அதுதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர். கழித்தல் பக்கம் தள்ளினேன். கடைசி வரை தள்ளியும் இரண்டு நிமிஷம் பாக்கி நின்றது.

தப்பு வாட்சில் இல்லை, என்னிடம்தான். ராத்திரி அதைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே காந்தம் ஏறிவிட்டது. காந்தத்தை எடுத்ததும் நான் தள்ளிய கணக்குக்கு வாட்ச் பின்தங்க ஆரம்பித்தது. நெம்பை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று.

காந்தத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? பேலன்ஸ் சக்கரம் ஓர் ஊஞ்சல் மாதிரி. அதை இழுத்துத் திருப்பி அனுப்புவது ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள். இந்தச் சுருளைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தவர் ஹாலந்துக்காரர் ஹைகென்ஸ், வருஷம் 1675. சுருள் நீளமாக இருந்தால் தளர்ச்சி, ஆட்டம் மெதுவாகும். குட்டையானால் விறைப்பு, வேகம் கூடும். காந்தம் ஏறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்; ஒட்டிய பகுதி இல்லாதது போலத்தான், சுருள் குட்டையாகிவிடுகிறது. ரெகுலேட்டர் செய்வதும் இதே வேலைதான். அதில் உள்ள இரண்டு ஊசிகள் சுருளின் வெளிச்சுற்றைப் பிடித்திருக்கும். நெம்பை நகர்த்தினால் ஆடுகிற நீளம் கூடும், குறையும்.

எவ்வளவு நகர்த்துவது? சின்னக் கணக்கு போடலாம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் 10 நொடி என்றால் 8,640-ல் ஒரு பங்கு. வேகம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாக மாறுவதால், நீளத்தில் 4,320-ல் ஒரு பங்கு மாற வேண்டும். சுருளை நீட்டினால் 10 செ.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள்; மாற்றம் 0.023 மி.மீ. தலைமுடியின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்! நெம்பைத் தள்ளக் கூடாது, தொட்டும் தொடாமலும் உரச வேண்டும்.

காந்தம் எடுப்பது சுலபம். வாட்ச் பக்கத்தில் ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோங்கள், முள் ஆடினால் காந்தம் இருக்கிறது. டீமேக்னடைசர் பெட்டியில் கரன்ட் ஓடும் கம்பிச்சுருள் இருக்கும். நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதன் காந்தத்தை நொடிக்கு 100 தடவை திசை மாற்றும். வாட்சை அதன் மேல் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல ஒரு கை தூரம் விலக்க வேண்டும். திசை மாறிக்கொண்டே பலம் குறைவதால் எந்தப் பக்கமும் காந்தம் தங்காது. பாதியில் பொத்தானை விட்டால் வேலை வீண்.

அடுத்து காது கொடுத்துக் கேட்பது. ஜனதா மணிக்கு 18,000 முறை டிக் என்னும்; நொடிக்கு 5. ஃபோன் மைக்கில் வாட்சின் முதுகை ஒட்டி வைத்தால், அதற்கென்று இருக்கும் ஆப்கள் இந்த ஒலிகளைப் புள்ளிகளாகப் போடும். கோடு மேலே ஏறினால் முந்துகிறது, இறங்கினால் பின்தங்குகிறது. டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் விழாவிட்டால் ஒரு கோடு இரண்டாகப் பிரியும்.

இதற்கென்றே உள்ள டைம்கிராஃபர் கருவி பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்ட அகலத்தையும் காட்டும். நல்ல வாட்சைப் படுக்க வைத்தால், சக்கரம் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 டிகிரி, அதாவது முக்கால் சுற்று ஆடும். 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது, அழுக்கு சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது நெம்பை எவ்வளவு நகர்த்தினாலும் நிலைக்காது. கழுவித்தான் ஆக வேண்டும்.

கழுவுவதென்றால் முதலில் வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் பின்னால் அவிழாமல் பிடிக்கும் தடுப்பை நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. சட்டென்று விட்டால் சக்கரத்தின் பல் போகலாம். அப்புறம் பேலன்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் பிரிக்கலாம். கழுவ லைட்டர் பெட்ரோல் போதும். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். டிக் ஒலி எழுப்பும் பேலட் கவையின் இரண்டு சிவப்புக் கற்களும் அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருக்கும், ஸ்பிரிட்டில் அரக்கு கரையும்.

எண்ணெயில்தான் பலர் சறுக்குகிறார்கள். அச்சு சுழலும் கல்லின் குழியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிற்கும் அளவு வாட்ச் எண்ணெய் போதும். ஒன்றோடொன்று பொருந்தும் சக்கரப் பற்களுக்கும் பேலட் கவையின் அச்சுகளுக்கும் வேண்டவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும்; மார்கழியில் வாட்ச் நின்றுவிட்டது.

இவ்வளவும் முடிந்த பிறகே ரெகுலேட்டர். அதிலும் முழுச் சரியாக வராது. வாட்ச் நிமிர்ந்து நிற்கும்போது அச்சின் உராய்வு கூடி ஆட்டம் குறையும், வேகமும் மாறும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம். என் ஜனதா கையில் இருக்கும்போது பகலில் ஐந்தாறு நொடி முந்தும். ராத்திரி சாவி மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தால் கிட்டத்தட்ட அதையே திருப்பிக் கொடுக்கிறது. இப்போது அதை வைப்பது ஒரு டீ கிளாசுக்குள், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி.